டிரம் சாண்டரில் முதல் பலகையை விடுவதற்கு முன்: கடலோரப் பட்டறைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

டிரம் சாண்டரைப் பார்த்தால் யாருக்கும் பயம் வராது. பல் கிடையாது, பிளேடு கிடையாது. உப்புத்தாள் சுற்றிய ஒரு உருளை, அதன் கீழே பலகையை மெதுவாக இழுத்துச் செல்லும் ஒரு பெல்ட், அவ்வளவுதான். வட்ட ரம்பத்துக்கு மரியாதை கொடுக்கிற ஆசாரிகள்கூட இதன் முன்னால் அசட்டையாக நிற்பதற்கு இதுதான் காரணம்.

எனக்கு மெஷின் கொண்டுவந்தவர்கள் ஒரே ஒரு பலகையை விட்டுக் காட்டினார்கள். டெலிவரிச் சீட்டில் கையெழுத்து வாங்கினார்கள். போய்விட்டார்கள். கையேடு முழுக்க ஆங்கிலம். எங்கள் ராமநாதபுரம் கடற்கரையில் தேவிப்பட்டினத்திலிருந்து மண்டபம் வரை கேட்டுப் பார்த்தேன். இழைப்பு மெஷின் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், இதை ஓட்டியவர் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். புதிதாக வாங்கியவர்களுக்கும், வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் உதவும்.

ஒன்றை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். இது பலகையை மெலிதாக்கும் மெஷின் இல்லை. ஏற்கெனவே மட்டமாக இருக்கிற பலகையை வழவழப்பாக்கும் மெஷின். பலகை கருகுவது, உப்புத்தாள் கிழிவது, மோட்டார் சூடேறுவது, பலகை திரும்பி வந்து வயிற்றில் இடிப்பது என்று இதில் வருகிற கோளாறு பெரும்பாலும் ஒரே தடவையில் நிறைய எடுக்கப் பார்ப்பதால்தான் வருகிறது.

1. காசும் காகிதமும் கரண்டும்

16 அங்குல டிரம் உள்ள சிறிய மெஷினே புதிதாக வாங்கினால் ஒரு லட்சத்தைத் தாண்டும். அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. இதோடு செலவு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். தூள் உறிஞ்சும் மெஷின், தனி வயரிங், ஸ்டார்ட்டர், உப்புத்தாள் ரோல் எல்லாம் தனி. மெஷின் விலையில் குறைந்தது கால் பங்கை இதற்கென்று ஒதுக்கிவையுங்கள். அந்தக் காசு இல்லையென்றால் மெஷினை இப்போது வாங்க வேண்டாம். தூள் உறிஞ்சி இல்லாமல் டிரம் சாண்டரை ஓட்டவே கூடாது என்பது என் கட்சி. மாதத்துக்கு இரண்டு மேசைப் பலகைதான் வருகிறது என்றால், பெரிய ஊர்ப் பட்டறைகளில் சதுர அடிக் கணக்கில் கூலி கொடுத்துத் தேய்த்து வாங்குவது லாபம்.

சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவைச் செய்துவிடுங்கள். ஆதார், பான், ஆதாரோடு இணைந்த கைபேசி எண் போதும். இணையத்தில் அரசுத் தளத்திலேயே இலவசம். "முடித்துத் தருகிறேன்" என்று ஆயிரம், இரண்டாயிரம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், கொடுக்காதீர்கள். கடன் வேண்டுமென்றால் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய்க் கலைஞர் கைவினைத் திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். 35 வயது ஆனவர்களுக்கு 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். மரவேலையும் அந்தத் திட்டத்தின் தொழில் பட்டியலில் இருக்கிறது. மெஷின் கடையின் விலைப்பட்டியலை ஜிஎஸ்டி எண்ணோடு முன்கூட்டியே வாங்கிக்கொண்டு போனால் ஒரு அலைச்சல் மிச்சம்.

வீட்டு மீட்டரில் மெஷினை ஓட்டுவது இங்கே பரவலாக நடக்கிறது. பிடிபட்டால் மின்சாரச் சட்டம் 2003-இன் 126-ஆம் பிரிவின்கீழ், ஓட்டிய காலத்துக்கு இருமடங்கு கட்டணம் போடுவார்கள். தொழில் இணைப்பே வாங்கிவிடுங்கள். வாடகை இடம் என்றால் வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம், வாடகை ஒப்பந்தம், சொத்துவரி ரசீது மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். இந்தச் சம்மதக் கடிதத்தில்தான் முக்கால்வாசிப் பேர் மாட்டுகிறார்கள். உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிற வீடுகள் கீழக்கரைப் பக்கம் நிறைய. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கடிதத்தை வாங்கிவிடுங்கள்.

எலெக்ட்ரீஷியனிடம் கேட்டுச் செய்ய வேண்டியவை: மெஷினுக்குத் தனி வயர், தனி எம்சிபி (அதிகக் கரண்ட் இழுத்தால் தானாக விழும் சுவிட்ச்), 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்), ஒழுங்கான எர்த். அப்புறம், கரண்ட் போனால் தானாக விடுபட்டு, திரும்ப வந்தாலும் நாம் பொத்தானை அழுத்தாமல் ஓடாத ஸ்டார்ட்டர். கடைசியில் சொன்னதன் அருமை 8-ஆம் படியில் புரியும். எர்த் குழியை மணற்பாங்கான இடத்தில் போட்டால் கோடையில் காய்ந்துவிடும், அவ்வப்போது தண்ணீர் ஊற்றுங்கள்.

2. எங்கே நிறுத்துவது

முன்னாலும் பின்னாலும் உங்களிடம் வருகிற நீளமான பலகையின் அளவுக்கு இடம் வேண்டும். 8 அடிப் பலகை என்றால் மெஷினோடு சேர்த்து 18 அடி. பக்கவாட்டில் ஒரு ஆள் தாராளமாக நிற்க வேண்டும், ஏனென்றால் நீங்கள் நிற்கப்போகிற இடம் அதுதான்.

காற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். கச்சான் (மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் மேற்கே பார்த்த கதவைத் திறந்துவைத்தால் பட்டறை முழுக்க மணல். அந்த மணல் பலகையில் உட்கார்ந்து டிரம்முக்கு அடியில் போனால் புது உப்புத்தாளில் கோடு விழும். தூள் வெளியேறும் குழாயை எந்தப் பக்கம் வைப்பது என்பதும் காற்றைப் பொறுத்ததே. கச்சானுக்கு ஒரு வழி, வாடைக்கு ஒரு வழி என்று இரண்டு வைப்பது நல்லது. பக்கத்து வீட்டில் கருவாடு காயப்போடுகிறவர்கள் இருந்தால் இது இன்னும் முக்கியம். பலகைத் தூள் படிந்த நெத்திலிக் கருவாட்டுக்கு நீங்கள் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

3. எந்த மரத்தை விடலாம், எதை விடக்கூடாது

நம் பக்கத்துக்கென்று உள்ள சிக்கல் எல்லாம் இந்தப் படியில்தான். கையேட்டில் இது எதுவும் இருக்காது.

பழைய படகுப் பலகை. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அப்போதுதான் படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள், கழற்றிப் போட்ட பலகைகளும் அப்போதுதான் கிடைக்கும். மேசைக்கும் அலமாரிக்கும் அருமையான மரம். ஆனால் அப்படியே டிரம்மில் விட்டால் மெஷினையும் கெடுத்து உங்களையும் கெடுக்கும்.

முதலில் ஆணி. இரும்பு ஆணி மேலே அறுந்துபோய் உள்ளே துரும்பாக நிற்கும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பலகை மேல் இரண்டு பக்கமும் அங்குலம் அங்குலமாக நகர்த்திப் பாருங்கள். துருக் கறை கறுப்பு வட்டமாகத் தெரிகிற இடம் எல்லாம் சந்தேகம்தான். செம்பு ஆணி இருந்தால் காந்தத்தில் ஒட்டாது. அதற்குக் கையடக்க மெட்டல் டிடெக்டர்தான் வழி. சுழலும் டிரம்மில் இரும்பு பட்டால் உப்புத்தாள் கிழிவதோடு பொறியும் பறக்கும். அந்தப் பொறி நேரே தூள் பைக்குள் போகும். தீ உடனே பிடிக்காது. உள்ளுக்குள்ளேயே கனன்று, நீங்கள் பட்டறையைப் பூட்டிவிட்டுப் போன பிறகு பிடிக்கும்.

அடுத்தது பெயின்ட். வீட்டுப் பெயின்டில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டில் எவ்வளவு இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. படகின் அடிப்பாகத்துக்குப் பூசுகிற, பாசியும் சிப்பியும் ஒட்டாமல் தடுக்கும் பெயின்ட் விஷமாகத்தான் இருக்கும், அதன் வேலையே அது. இதையெல்லாம் டிரம்மில் தூளாக்கி மூச்சில் ஏற்ற வேண்டாம். வெளியில் வைத்து, முகமூடி போட்டுக்கொண்டு, தண்ணீர் தெளித்துச் சுரண்டி எடுங்கள். சுரண்டியதைச் சாக்கில் கட்டுங்கள், எரிக்காதீர்கள். ஃபைபர் ஒட்டிய பலகையைத் தொடவே வேண்டாம்.

மூன்றாவது, பலகை இடுக்கில் அடைத்திருக்கும் குங்கிலியமும் எண்ணெயும். சூட்டில் இளகி உப்புத்தாளில் அப்பிக்கொள்ளும். ஒரே பலகையில் ஒரு சுற்று உப்புத்தாள் காலி. உளியால் எடுத்துவிட்டு விடுங்கள்.

பனை. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது. அதனால் பழைய ஓட்டு வீடு பிரிக்கும்போது வருகிற கைமரம், சட்டம் வாங்குவதே நிம்மதி. விற்றவரிடம் ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பனை, இழைப்பு மெஷினில் சிம்பு சிம்பாகப் பெயரும். டிரம் சாண்டருக்கு நன்றாகவே அடங்கும். ஆனால் சிலாம்பு கறுப்பு ஊசி மாதிரி ஏறும். தூக்கிக் கொண்டுவரும்போது தோல் கையுறை போடுங்கள். மெஷின் சுவிட்சைத் தொடும் முன் கையுறையைக் கழற்றிவிடுங்கள்.

சீமைக்கருவேலம் கடினம், நன்றாக மெருகேறும். வளைந்த மரம் என்பதால் முதலில் இழைத்து ஒரு பக்கமாவது மட்டம் செய்யாமல் விடக்கூடாது. பச்சை மரத்தை விடவே கூடாது. மழை மாதங்களில், ஐப்பசி கார்த்திகையில், காய்ந்த பலகையும் ஈரம் இழுத்திருக்கும். பட்டறைக்குள் இரண்டு மூன்று வாரம் காற்றோட்டமாக அடுக்கிவைத்துவிட்டு எடுங்கள்.

4. உப்புத்தாள் சுற்றுவது

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அல்லது மெயினை அணைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள். "ஆஃப் பண்ணியாச்சு" போதாது.

துணி முதுகுள்ள ரோலை வாங்குங்கள். பழைய பட்டையையே அளவாக வைத்து, இரண்டு முனையையும் சாய்வாக வெட்டுங்கள். இடது கிளிப்பில் மாட்டி, ஒரு சுற்றின் மேல் அடுத்தது ஏறாமல், இடைவெளியும் விழாமல் இறுக்கமாகச் சுற்றி, வலது கிளிப்பில் மாட்டுங்கள். ஒரு பலகை விட்டு முடித்ததும் நிறுத்தித் திரும்பப் பாருங்கள். சூட்டில் பட்டை கொஞ்சம் நீளும், தளர்ந்த பட்டைதான் கிழிகிற பட்டை.

தொடங்க 80 நம்பர், பிறகு 120, முடிக்க 150 அல்லது 180. நடுவில் ஒன்றைத் தாண்டினால் 80-இன் கோடு பாலிஷ் போட்ட பிறகு தெரியும்.

5. உடுப்பு

லுங்கி கூடாது. தோளில் துண்டு கூடாது. கையில் கட்டிய கயிறு, காப்பு, மோதிரம், கழுத்துச் சங்கிலி எல்லாம் கழற்றிவிட வேண்டும். வேண்டுதல் கயிறு என்றால் முழங்கைக்கு மேல் கட்டிக்கொள்ளச் சொல்லிவிடுவேன். காலுக்கு மூடிய செருப்பாவது வேண்டும். கண்ணாடியும் காதடைப்பும் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும்.

மூக்குக்குத் துண்டு கட்டுவது உதவாது, நுண்தூள் துணிக்குள் தாராளமாகப் போகும். என்95 முகமூடி, மூக்கோரம் அழுத்தி, காற்று கசியாமல். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே சேர்த்துவிட்டது. 20 ரூபாய் முகமூடியில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

காப்பீட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வங்கியில் ஆண்டுக்கு 20 ரூபாய்க்குப் பிரதமரின் விபத்துக் காப்பீடு கிடைக்கிறது. உங்களுக்கும் உதவியாளுக்கும் போட்டுவையுங்கள். ஆனால் அது உயிர், கண், கை, கால் இழப்புக்குத்தான். விரல் போனால் அதில் ஒன்றும் கிடைக்காது.

6. உயரம் வைப்பது

மெஷின் ஓடாதபோது பலகையை டிரம்முக்கு அடியில் வையுங்கள். பலகையின் தடித்த இடம் எது என்று முதலில் கண்டுபிடித்து அதைத்தான் வைக்க வேண்டும். டிரம் லேசாகத் தொடும்வரை கைப்பிடியைச் சுற்றுங்கள். கையால் டிரம்மை உருட்டினால் உரசிக்கொண்டே சுழல வேண்டும். இப்போது பலகையை வெளியே எடுத்துவிட்டு, அப்புறம் சுவிட்சைப் போடுங்கள். பலகை அடியில் இருக்கும்போது டிரம்மைக் கிளப்பக் கூடாது.

பல மெஷின்களில் கைப்பிடி ஒரு சுற்றுக்கு அரை நூல் இறங்கும் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). உங்களுடையதில் எவ்வளவு என்று கையேட்டில் பார்த்துச் சுவரில் பெயின்டால் எழுதிவையுங்கள். ஒரு தடவைக்கு அதிகபட்சம் எடுக்கக்கூடியது நூலில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 0.4 மில்லிமீட்டர். அதுவும் 80 நம்பரில், அகலம் குறைந்த பலகைக்கு. அரை நூல் இறங்குகிற மெஷினில் அது கால் சுற்று. ஒரு அடி அகலப் பலகைக்கு அதில் பாதி. 150-க்குப் போய்விட்டால் தொட்டும் தொடாமலும்.

ஆசாரி வேலையில் பழகிய கைக்கு இது பொறுக்காது. இழைப்பு மெஷினில் ஒரே ஓட்டத்தில் அரை நூல் எடுத்தவர், இங்கே அரை நூலுக்கு நாலு தடவை விட வேண்டுமா என்பார். ஆமாம், விட வேண்டும். சத்தத்தைக் கேளுங்கள். மோட்டார் ஒரே சீராக முனகினால் சரி. குரல் கம்மி இறங்கினால் அதிகம் கொடுத்துவிட்டீர்கள்.

பலகை மேல் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டுவிட்டு விடுங்கள். கோடு அழிந்த இடம் மேடு, நிற்கிற இடம் பள்ளம். எல்லாக் கோடும் அழிந்த பிறகுதான் அடுத்த நம்பர். ஒரு ஓரம் மட்டும் எப்போதும் அதிகமாகத் தேய்கிறது என்றால் டிரம் சாய்ந்திருக்கிறது. ஒரே தடிமனில் அறுத்த இரண்டு ரீப்பர் துண்டுகளை இரண்டு ஓரத்திலும் வைத்துப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

7. பலகை உள்ளே போகும்போது

முதலில் தூள் உறிஞ்சி, பிறகு டிரம், கடைசியாகப் பெல்ட். நிறுத்தும்போது தலைகீழாக.

பலகைக்கு நேர் பின்னால் நிற்காதீர்கள். பலகை போகிற திசைக்கு எதிராகத்தான் டிரம் சுழல்கிறது. பலகையை மேலிருந்து அமுக்கிப் பிடிக்கும் அழுத்து உருளை பிடி விட்டால் பலகை வந்த வழியே திரும்பும். பக்கவாட்டில் நின்று, உள்ளங்கையைப் பலகையின் மேலே வைத்துக் கொடுங்கள். விரலைப் பலகைக்கு அடியில் கொடுக்கவே கூடாது. பலகைக்கும் மேசை விளிம்புக்கும் நடுவில் விரல் மாட்டினால் பெல்ட் உங்களுக்காக நிற்காது. இந்த மெஷினில் டிரம்மைவிட அதிகம் நசுக்குவது அந்த விளிம்புதான்.

முன்னும் பின்னும் அழுத்து உருளைகள் இருக்கின்றன. அவற்றின் இடைவெளியைவிடச் சின்னத் துண்டுகளை விடக்கூடாது. விட்டே ஆக வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் அதே தடிமனில் நீளமான ரீப்பரை ஒட்டி, ஒரே பலகையாக்கி விடுங்கள். தடிமன் வேறுபட்ட இரண்டு பலகைகளை ஒன்றாக விடுவதும் கூடாது. மெலிதானதைப் பிடிக்க ஆள் இருக்காது, பறந்துவரும்.

நீளமான பலகைக்குப் பின்பக்கம் ஒரு ஆள் தாங்க வேண்டும். தாங்கத்தான் வேண்டும், இழுக்கக் கூடாது. இதை ஒவ்வொரு புது ஆளிடமும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

8. சிக்கினால், கரண்ட் போனால்

பலகை பாதியில் நின்றால் தள்ளவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். டிரம் ஒரே இடத்தில் சுழன்றால் சில நொடியில் பள்ளமும் கருக்கலும் விழும். உடனே டிரம்மை நிறுத்துங்கள், முழுதாக நிற்கும்வரை காத்திருங்கள், மேசையை இறக்கிப் பலகையை எடுங்கள்.

கரண்ட் போனாலும் இதேதான். சுவிட்சை அணைத்து, மேசையை இறக்கிப் பலகையை எடுத்த பிறகுதான் டீக்கடைக்குப் போக வேண்டும். நீங்கள் கடையில் இருக்கும்போது கரண்ட் வந்து, பலகையோடு டிரம் தானாகக் கிளம்பாமல் காப்பது 1-ஆம் படியில் சொன்ன ஸ்டார்ட்டர்.

9. தூள்

தூள் பையை அன்றன்றைக்குக் காலி செய்து, பையை வெளியில் தொங்கவிட்டுப் போங்கள். மெருகெண்ணெய் துடைத்த துணியை அதன் பக்கத்தில் போடாதீர்கள், ஆளிவிதை எண்ணெய்த் துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள். தூள் கனல்வது தெரிந்தால் வாளித் தண்ணீரை வீசி ஊற்றாமல் மெதுவாகத் தெளியுங்கள். வீசினால் தூள் மேகமாக எழும், அந்த மேகம் குப்பென்று பற்றும். கம்ப்ரசர் காற்றால் மெஷினை ஊதிச் சுத்தம் செய்கிற பழக்கமும் இதனாலேயே வேண்டாம்.

10. உப்புக் காற்று

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு மேசை வார்ப்பிரும்பு ஒரே வாரத்தில் சிவந்துவிடும். வேலை முடிந்ததும் காய்ந்த துணியால் துடைத்து, தரைக்குப் போடுகிற மெழுகைப் பூசித் தேய்த்துவிடுங்கள். எண்ணெய் வேண்டாம், பலகையில் கறை ஏறும். உயரம் ஏற்றி இறக்கும் திருகுக்கு மட்டும் கிரீஸ். வாரம் ஒருமுறை தூரிகையால் அந்தத் திருகில் சேர்ந்த தூளைத் தட்டிவிட்டுப் புதிதாக வையுங்கள்.

உப்புத்தாள் ரோலைச் சுவரில் தொங்கவிடாதீர்கள். ஈரம் இழுத்த பட்டை டிரம்மில் நிற்காது. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், ஒரு பிடி காய்ந்த அரிசியோடு வைத்தால் போதும். தூள் அடைத்துக்கொண்ட பட்டையைத் தூக்கிப் போடும் முன், பழைய செருப்பின் கிரேப் ரப்பர் அடியை நீளமாக வெட்டி, பெல்ட்டை நிறுத்திவிட்டு டிரம் மட்டும் ஓடும்போது மேல்மூடி வழியாக லேசாகக் காட்டுங்கள், அடைப்பு கழன்றுவிடும். கண்ணாடி போட்டுக்கொண்டு, கையிலிருந்து ஒரு அடியாவது நீளமான துண்டாக இருக்கட்டும். மூடியைத் திறந்தால் நிற்கிற மாதிரி சுவிட்ச் வைத்த மெஷின் என்றால் இதைச் செய்ய முடியாது. அந்தச் சுவிட்சைக் கட்டிப்போட்டுச் செய்யச் சொல்லித் தருகிறவர்களும் உண்டு, கேட்காதீர்கள். அதற்குப் பதில், அதே ரப்பரைப் பலகையில் ஒட்டி, சாதாரணப் பலகையைப் போலவே உள்ளே விட்டு எடுங்கள்.